ஈரத்தோடு மூடிய கூடாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே, கதிரை காணாமல் வாசலில் நிற்கும் தம்பிமாரே, வணக்கம்.

வாகனத்தின் கூரையில் கூடாரம் விரித்துப் படுக்கிற எங்கள் சிறு சங்கத்தின் கடந்த ஆண்டு அறிக்கையை வாசிக்கிறேன். நிர்வாகக் கூட்டம் மாதாமாதம் நடந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் பிறகு வாசிப்பார். சென்ற முறை நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இது அறிக்கையா, பயணக் கதையா?" என்று ஒரு மூத்த அங்கத்தவர் கேட்டார். கேட்டது நியாயம். திருகோணமலையைச் சுற்றி நிலாவெளி, குச்சவெளி, கந்தளாய், மூதூர் என்று போனோம், வந்தோம். அதை இந்த ஒரு வரியோடு விட்டுவிட்டு, எது எது பழுதானது, என்ன செய்து சரிக்கட்டினோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு ஆதாரம் சங்கத்தின் சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைக் குறிப்பேடு. பழுது கண்டவர் அதில் எழுத வேண்டும் என்பது நாங்கள் போட்ட விதி. பாதிப்பேர் எழுதினார்கள், மீதிப்பேர் தொலைபேசியில் சொல்ல நான் எழுதினேன். ஆண்டு முடிவில் கொப்பியைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது. எங்கள் கூடாரங்கள் கடற்கரையில் பழுதானது குறைவு. அநேகமானவை வீட்டுக்கு வந்து, கராஜுக்குள் விட்டு, அப்படியே மறந்துபோன பிறகுதான் கெட்டிருக்கின்றன.

கொப்பியில் திரும்பத் திரும்ப வருகிற சொல் "ஒழுகுது". மெத்தைக்கு அடியில் தண்ணீர், கூடாரம் ஒழுகுது. இப்படிச் சொன்ன ஒருவரிடம் "அன்று இரவு மழை பெய்ததா?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. மழை பெய்யாமல் மேலே இருந்து எப்படி ஒழுகும்? அது எங்கள் மூச்சு. இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டு வேர்த்தால், அந்த ஈரம் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் அங்கே தண்ணீராகிறது. கூடாரத்தில் அப்படிக் குளிர்ந்துபோகிற இடம் மெத்தைக்கு அடியிலுள்ள பலகை. மேலே உடற்சூடு, கீழே விடியற்காலைக் காற்று, நடுவில் காற்றோட்டம் இல்லாத ஸ்பொஞ்ச். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வேர்க்கிற அதே கதைதான்.

மருந்து இரண்டு. ஒன்று, எதிரெதிரான இரண்டு ஜன்னல்களையாவது வலையை மட்டும் மூடி நாலு விரற்கடை திறந்து வைப்பது. மழைக் காலத்தில் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு படுப்பவருக்குத்தான் விடிய அதிகம் நனைகிறது. மற்றது, மெத்தையைப் பலகையிலிருந்து அரை அங்குலமாவது தூக்கி வைப்பது. இதற்கென்று முறுக்கிய பிளாஸ்டிக் நார்ப் பாய் விற்கிறார்கள், ஆனால் விலை அதிகம். எங்கள் அங்கத்தவர் ஒருவர் நம்மூர்த் தும்புத் தடுக்கை விரித்துப் பார்த்தார். முதல் இரண்டு பயணமும் அருமை. மார்கழியில் அந்தத் தும்பே ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணம் பிடித்து, எடுத்து எறிய வேண்டியதாகிவிட்டது. இப்போது குளியலறையில் போடும் ஓட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டுகளை வெட்டிப் போட்டிருக்கிறார். முதுகில் குத்தவில்லை என்கிறார். நான் படுத்துப் பார்த்தேன், கொஞ்சம் குத்துகிறது.

மழை பெய்தே ஒழுகுவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அது பெரும்பாலும் துணியால் வருவதல்ல, தையலால் வருவது. ஊசி போன துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல். பருத்தி கலந்த கன்வஸ் என்றால் புதிதாக வாங்கியவுடன் விரித்து, பைப்பால் நன்றாக நனைத்து, முழுக்கக் காய விடவேண்டும். நூல் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நல்லது. வாங்கின அன்றே நிலாவெளிக்குக் கொண்டுபோய் முதல் மழையில் நனைந்துவிட்டு விற்றவரைத் திட்டுவது சரியல்ல. மேல்விரிப்பு பொலியெஸ்டர் என்றால் தையல் ஓரத்தில் பசை பூசவேண்டும். இங்கே ஒரு கவனம்: சிலிக்கன் பூசிய துணியில் சிலிக்கன் பசைதான் ஒட்டும், பொலியூரிதேன் பூசிய துணிக்குப் பொலியூரிதேன் பசை. மாற்றிப் பூசினால் காய்ந்ததும் செதிளாக உரிந்து வரும். இருவர் மாற்றிப் பூசி உரித்தெடுத்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

இனிப் பூஞ்சணம். இதில் குற்றவாளி நானே. புரட்டாசிக் கடைசியில் நிலாவெளியிலிருந்து விடியத் தூறலோடு கிளம்பினேன். ஈரமாகவே மடித்து, உறையை இழுத்து மூடி, வீட்டுக்கு வந்தால் ஒரு மரணச் செய்தி. போய்ப் பதினொரு நாள் கழித்துத் திரும்பித் திறந்தேன். திறக்கும்போதே மணம் அடித்தது. மூலைகள் எல்லாம் கறுப்புப் புள்ளி, மெத்தை உறையில் பச்சை. மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா இனிப் பிள்ளையள் படுக்கிறது?" என்று மட்டும் கேட்டா.

வெளிற்றுத் திரவம் ஊற்றத்தான் முதலில் கை போனது. நல்லவேளை, ஊற்றவில்லை. அது நூலையும் நீர்காப்புப் பூச்சையும் தின்றுவிடும். முதலில் வெயிலில் விரித்து, காய்ந்த பூஞ்சணத்தை மென்மையான தூரிகையால் வெளியே தட்டினேன். வீட்டுக்குள் தட்டக்கூடாது, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளவேண்டும். பிறகு நிறமில்லாத வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்து, ஒரு மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவி மறுபடி வெயில். மணம் போய்விட்டது. கறை போகவில்லை. மெத்தை உறையை மாற்றினேன்.

வறண்ட நாட்டில் இந்தப் பாடு இவ்வளவு கிடையாது. அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் புழுதி நிலங்களில் பேர் எடுத்த பொருளை வாங்கி வந்து, ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கிற கரையில் விரித்திருக்கிறோம். கூடாரத்தோடு வருகிற விளக்கப் புத்தகத்தில் "ஈரமாக மூடினால் கூடிய சீக்கிரம் உலர்த்தவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் நாம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டும். வந்த அன்றே, தவறினால் அடுத்த நாள், திறந்து காயவிட வேண்டும். மழை விடாவிட்டால் தாழ்வாரத்தில் விரித்து மின்விசிறியைப் போட்டு விடுங்கள். முற்றமே இல்லாத அங்கத்தவர் மூவர் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்து காயவைக்கத் தலைவர் தன் உவர்மலை வீட்டு முற்றத்தைத் தர ஒத்துக்கொண்டதை நன்றியோடு பதிவு செய்கிறேன். நாய் கட்டியிருக்கும், கேட்டடியில் கூப்பிட்டுவிட்டுப் போகவும்.

கடலடியில் வாழ்வதன் மறுபக்கம் உப்பு. கூடாரத் துணியின் சிப் (zip) இறுகுவது, ஏணி மூட்டு அசையாமல் நிற்பது, கூடாரத்தைத் தாங்கும் கூரை ராக்கில் வெள்ளைத் தூள் பூப்பது எல்லாம் அதன் வேலை. சிப்புக்குள் உப்பும் மணலும் போனால் இழுக்க இழுக்க ஓடும் தலை தேய்ந்து, பூட்டிய பின்னால் வாயைப் பிளக்கும். பலர் உடனே முழுச் சிப்பையும் மாற்றக் கொடுக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். பழைய பல்தூரிகையால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, ஓடும் தலையின் இரு பக்கத்தையும் குறட்டால் மெல்ல, மிக மெல்ல, நெரித்துப் பாருங்கள். அநேகமாகப் பிடிக்கும். பிறகு சிலிக்கன் ஸ்பிரே, இல்லாவிட்டால் மெழுகுதிரித் துண்டால் ஒரு தேய்ப்பு. எஞ்சின் ஒயில் பூசினால் மணல் முழுக்க அங்கே வந்து குடியிருக்கும்.

சிப் கிழிவதற்கு இன்னொரு காரணத்தைக் குச்சவெளியில்தான் கண்டுபிடித்தோம். புத்தகம்போல விரியும் கூடாரத்தில் பாதித் தளம் வாகனத்துக்கு வெளியே நிற்கும். அதைத் தாங்குவது ஏணி மட்டுமே. மணலில் ஏணிக்கால் ஒரு சாண் புதைந்தால் தளம் அந்தப் பக்கம் சாய்கிறது, துணி கோணுகிறது, சிப் இழுபடுகிறது. அந்த இழுவையில் நாம் வேறு பலம் கொண்டு இழுப்போம். ஏணிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு போதும். அன்று பலகை இல்லாமல் ஒருவருடைய தேங்காய் துருவும் பலகை உதவியது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குக் காற்று வீசுகிற கச்சான் காலத்தில் மாலையில் கடற்காற்றைப் பார்த்து, வாசலை ஊர்ப்பக்கம் திருப்பி வாகனத்தை நிறுத்துகிறோம். நடு இரவில் காற்று தரையிலிருந்து திரும்பி வாசலுக்குள் நேரே அடிக்கும். மேல்விரிப்பு படபடவென்று அடித்து ஒருவரையும் தூங்க விடாது, கம்பியும் வளைந்துவிடும். கச்சானில் வாசல் கடலைப் பார்க்கட்டும். வாடையில் ஊரைப் பார்க்கட்டும். தென்னைக்குக் கீழே எந்தக் காலத்திலும் வேண்டாம்.

கூரைப் பாரம் பற்றிய கேள்வி இந்த ஆண்டு கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததால், புது வாகனக் கனவில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். கூடாரம் மட்டும் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். வாகனத்தின் கையேட்டில் கூரைக்கு என்று எழுதியிருப்பது ஓடும்போது தாங்கும் அளவு: பல கார்களில் 75 கிலோ, சிறிய சுசுகி ஜிம்னியில் 30தான். "அப்படியென்றால் மூன்று பேர் ஏறிப் படுத்தால் கூரை உடையாதா?" என்று கேட்பார்கள். நிற்கும் வாகனத்தில் பிரேக்கும் இல்லை, வளைவும் இல்லை, குழியும் இல்லை. பாரம் நேரே கீழே இறங்குகிறது, அதனால் பல மடங்கு தாங்கும். ஆக, பார்க்கவேண்டிய கணக்கு கூடாரமும் ராக்கும் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்பது. நனைந்த கன்வஸ் சில கிலோ கூட என்பதையும் சேருங்கள். டொல்பின் என்கிற பழைய டொயோட்டா வான் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கூரையோரத்தில் மழைநீர் வடியும் கட்டரில் நாலு கால் போட்டு ராக் இறுக்கலாம்.

இறுக்கிய நட்டும் இறுகியபடியே இருக்காது. புதிதாகப் பூட்டினால் முதல் 50 கிலோமீற்றருக்குள் ஒருமுறை பார்க்கவேண்டும். எங்கள் வழக்கம், கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது ஸ்பானரை எடுப்பது. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர், தூரமும் சரி, தேத்தண்ணியும் சரி. அலுமினிய ராக்கில் துருப்பிடிக்காத உருக்கு போல்ட் போட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கும். இடையில் நைலோன் வோஷரும் கொஞ்சம் கிறீஸும் வையுங்கள். உறுதிக்கு என்று வெறிகொண்டு இறுக்கி ராக்கின் அலுமினியச் சட்டத்தைப் பிளந்தவரும் நம்மில் உண்டு.

கூடாரத்தை மூடியபடி வாகனத்தின் மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் அருகில் எழுதி ஒட்டச் சொல்லியிருந்தேன். ஒட்டியவர்கள் சிலரே. கோயில் திருவிழாத் தோரணத்தின் சரத்தை இழுத்துக்கொண்டு போன வாகனம் எது என்று எல்லோருக்கும் தெரியும். சங்கம் மன்னிப்புக் கேட்டு, பல்புக்குப் பணமும் கட்டியது.

பெட்டிபோல மூடி திறக்கிற கடின ஓட்டுக் கூடாரம் வைத்திருப்பவர்களுக்கு: தூக்கும் வாயுத்தண்டின் மினுங்கும் கம்பியில் உப்புப் புள்ளி விழுந்தால் அது உள்ளேயுள்ள இறப்பரை அறுத்து வாயு கசியும். காய்ந்த துணியால் துடையுங்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் மூடி கோணும்.

கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் தெருவோரக் காட்டில் தங்குவதை இந்த ஆண்டும் சங்கம் அனுமதிக்கவில்லை, அடுத்த ஆண்டும் அனுமதிக்காது. தரையிலிருந்து இரண்டு மீற்றர் மேலே படுத்திருக்கிறோம் என்ற தைரியம் பாம்புக்குச் சரி. வளர்ந்த யானைக்கு அது சாப்பாட்டு மேசை உயரம்.

இனி ஒரு கோரிக்கை. சங்கப் பணத்தில் வாங்கிய, நட்டை அளவோடு இறுக்கும் டோர்க் ஸ்பானரை ஆவணியில் ஒருவர் கொண்டுபோனார். கொப்பியில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் யாருடையது என்று நிர்வாகக் குழு முழுவதும் சேர்ந்து பார்த்தும் வாசிக்க முடியவில்லை. தேநீர் இடைவேளைக்குள் அது முன்மேசைக்கு வந்துவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை