லீக்ஸ் பாத்தியில் கிடைத்த செருப்பு

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

நேற்று லீக்ஸ் பாத்தியைக் கொத்தியபோது, நீ ஐந்தாம் வகுப்பில் தொலைத்துவிட்டு அழுத இறப்பர் செருப்பின் இடதுகால் அகப்பட்டது. பதினேழு வருடங்கள் மண்ணுக்குள் கிடந்தும் உன் பெருவிரல் பதிந்த குழி அப்படியே இருக்கிறது. மேற்பரப்பு மட்டும் சொரசொரத்து, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்கிறது. "இயற்கை இறப்பர்தானே அப்பா, புதைத்தால் மக்கிவிடும்" என்று, பழைய இறப்பர் கையுறைகளை உன் வீட்டு வாழையடியில் புதைப்பது பற்றி நீ சொன்னதற்கு இதுவே பாதிப் பதில்.

நீ சொன்னது பிழையல்ல. இறப்பரை உண்ணும் பற்றீரியாக்கள் உண்டென்பது 1914ஆம் ஆண்டளவிலேயே தெரிந்த செய்தி. ஆனால் இறப்பர் என்பது ஐசோப்பிரீன் என்னும் சிறு மூலக்கூற்று அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி; அதை எந்தப் பற்றீரியாவாலும் அப்படியே விழுங்க முடியாது. எனவே அது நொதியத்தை (என்சைமை) வெளியே சுரந்து, ஒட்சிசனின் துணையுடன் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டி, கிடைக்கும் சிறு துண்டுகளை உள்ளிழுத்து, கொழுப்பமிலத்தைச் சிதைப்பதுபோலச் சிதைக்கிறது. ஒரு நொதியம் வெட்டும் துண்டில் 15 காபன் அணுக்களே இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பற்றீரியா வகையில் சில, இறப்பர் பால் கலந்த வெண்ணிற ஏகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த்தட்டில்) இறப்பரைச் சிதைத்து, தம்மைச் சுற்றித் தெளிந்த வளையத்தை உண்டாக்கும். கோர்டோனியா என்னும் இன்னொரு வகையோ இறப்பரிலேயே ஒட்டிக்கொண்டு வளரும்.

யட்டியாந்தோட்டையில் இறப்பர் பால் வெட்டிய உன் அப்பாயியின் சேலையில் எப்போதும் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) வாடை வீசும். அது இறப்பர் அழுகும் நாற்றம் என்றே, விஞ்ஞானம் கற்பிக்க வந்த பின்னரும், வெகுகாலம் எண்ணியிருந்தேன். பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே இறப்பர். மீதியிலுள்ள சீனியையும் புரதத்தையும் தின்னும் வேறு நுண்ணுயிர்களே அந்த நாற்றத்துக்குக் காரணம்.

இறப்பரைப் பொருளாக்கும்போது கந்தகம் சேர்த்துச் சூடாக்குவார்கள். அப்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் நொதியத்துக்கு வேலை கடினமாகிறது. பொருள் சீக்கிரம் பழுதாகாதிருக்கச் சேர்க்கும் இரசாயனங்களும் பற்றீரியாவைத் தடுக்கின்றன. கையுறை மெல்லியது, பரப்பு அதிகம். ஆகவே தடித்த டயரைவிட அது விரைவில் சிதையும். ஆனாலும் உன் வீட்டு வாழைக்குப் பசளையாகும் வேகத்தில் அல்ல.

ஆகையால் கையுறைகளைப் புதைக்க வேண்டாம். சித்திரைக்கு வரும்போது ஒன்றை மட்டும் கழுவி எடுத்து வா. பாதியைப் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபாதியை நறுக்காமல், செருப்பு கிடந்த குழியிலேயே போட்டு வைப்போம்.

அன்புடன்,
அப்பா