பீலித் தண்ணி

மஸ்கெலியா

அன்பு மகள் சாந்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் பேசலாம்தான், நீ "வேலையா இருக்கேன், பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். பிறகு எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு அப்படித்தான். இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறது என்று நான் சொல்லாத ஆள் இல்லை.

மழை விடவில்லை. மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற தண்ணி தேயிலைச் சாய நிறத்தில் வருகிறது. ஆனால் இப்போது கொதிக்காத தண்ணி ஒரு வாய் நாங்கள் குடிப்பதில்லை. தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம்தான் கொதிக்கவைக்கிறோம். தம்பி கரண்ட் கேத்தல் வாங்கித் தந்திருக்கிறான். சூடு ஏறினால் போதாது, குமிழ் விட்டுத் தளதளவென்று கொதிக்கணும். மூடிய பானையில்தான் ஆறவைக்கிறேன்.

நீங்கள் வருகிற தீபாவளிக்கு ஆட்டுப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடிய வெட்டிப் பங்கு பிரித்து, பத்து மணி வரை ஈ மொய்க்கக் கிடக்கும். கோழி வாங்கி அன்றே சமைத்து அன்றே முடிப்போம். மதியத்துச் சோறு வெளியில் கிடந்தால் இரவுக்கு வேண்டாம். சுடவைத்தாலும் சில கிருமி விட்ட விஷம் போகாதாம், மிட்வைஃப் நோனா சொன்னார்.

உனக்கும் நெஞ்செரிவு உண்டு. வெறும் வயிற்றில் பலகாரம் தின்னாதே, சாப்பிட்ட கையோடு படுக்காதே. வறுத்த ஓமம் எடுத்து வைத்திருக்கிறேன், அது உனக்கு மட்டும். குட்டிக்கு வயிற்றால் போனால் ஓமத் தண்ணி எல்லாம் வேண்டாம், தண்ணியில் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி ஜீவனிதான். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணி. குறைக்கவும் கூடாது கூட்டவும் கூடாது. ஒரு நாள் தாண்டினால் மிச்சத்தை ஊற்றிவிடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடு. சாப்பாட்டை நிறுத்தாதே. இரத்தம் போனாலோ, மூத்திரம் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. தண்ணி கொதித்ததா என்று நீயே பார்த்துக்கொள். யார் சொன்னாலும் நம்பாதே.

நான் சொன்னாலும்தான்.

போன தீபாவளிக்கு மேட்டு லயத்து அத்தை தந்த பாயாசத்தால்தான் குட்டிக்கு அப்படி ஆனது என்று எல்லாரும் பேசினோம். நானும் பேசினேன். அதற்குப் பிறகு அத்தை நம் வாசலுக்கு வரவில்லை. பாயாசம் இல்லை மகள். அன்று விறகு ஈரம். நீ குளிக்கப் போயிருந்தாய், குட்டி பாலுக்கு அழுதான். ஃபிளாஸ்கில் பாதிதான் இருந்தது, மிச்சத்துக்குப் பீலித் தண்ணியைக் கலந்து பால்மா கரைத்தேன். "கொதிச்ச தண்ணியாம்மா?" என்று கேட்டாய். ஆமா என்றேன். உங்களை எல்லாம் இந்தத் தண்ணியில்தானே வளர்த்தேன் என்று ஒரு திமிர்.

வயிற்றால் போகத் தொடங்கினதும் தண்ணி கொடுக்காதே, வயிறு காயட்டும் என்றதும் நான்தான். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லுவார்கள். இருட்டுவதற்குள் பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிறபோது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றே நினைத்தேன். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சாயத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

மருமகனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். போத்தல் தண்ணி தூக்கிக்கொண்டு வந்தாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். சோப்பும் புதிதாக வாங்கி பீலியடியில் வைத்திருக்கிறேன். ஜீவனி நாலு பாக்கெட் இருக்கிறது, நீயும் இரண்டு கொண்டுவா.

தம்பி ஹட்டனில் வந்து நிற்பான். ரயிலா பஸ்ஸா என்று மட்டும் சொல்லு.

அம்மா