செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், தாய்மார்களுக்கும், சந்தா பாக்கியோடு வந்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம்.

திருநெல்வேலி மாநகராட்சியைச் சேர்ந்த பாளையங்கோட்டையில் நம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இந்த வருஷம் பாதி நேரத்தைச் சொத்து வரிதான் தின்றது. "மேயர் ஏத்திட்டாரு" என்று ஒருவரும், "டெல்லிக்காரன் ஏத்தச் சொன்னான்" என்று இன்னொருவரும் மல்லுக்கட்டினார்கள். 2022 ஏப்ரலில் வரி உயர்வை அறிவித்தது மாநில அரசு. மத்திய வரிப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்கு அடிமட்ட வீதம், அதாவது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற குறைந்தபட்ச வீதம், அறிவித்தாக வேண்டும் என்பது டெல்லியிலிருந்து வந்த நிபந்தனை. மேயரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

வம்பு அந்த உயர்வின் படிநிலையில் இருக்கிறது. நம்மைப் போன்ற மாநகராட்சிகளில் வீடுகளுக்குப் பழைய வரியின் மேல் உயர்வு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மூன்றாம் தெரு உறுப்பினர் ஒருவர் வீடு 1,180 சதுர அடி. மாடியில் துணி காயப்போடும் தகரக் கூரையையும் சேர்த்து அளந்தால் 1,230. அந்த முப்பது அடிக்கு மட்டும் வரி கூடினால் பரவாயில்லை. வீடு முழுவதும் அடுத்த படிக்குப் போய்விடும். பழைய வரி 1,000 ரூபாய் என்றால் 1,500 கட்ட வேண்டியவர் 1,750 கட்டுவார். நாமே டேப் பிடித்து அளந்து, படம் போட்டு, மனு கொடுத்திருக்கிறோம்.

அரையாண்டு வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. தள்ளிப்போடுகிறவர்களுக்கு மாதம் 1 சதவீதம் வட்டி.

அரசியலுக்கு வருவோம். 2022 தேர்தலில் நம் மாநகராட்சியின் 55 வார்டில் 51 ஒரே கூட்டணி கைக்குப் போனது. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வராமல் கலைந்தது. ஜூலையில் மேயர் ராஜினாமா. ஆகஸ்டில் புதிய மேயர் தேர்வில் ஜெயித்தவருக்கு 30 வாக்கு, எதிர்த்து நின்றவருக்கு 23. இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்காரர்கள்! எதிர்க்கட்சி வேலையையும் ஆளுங்கட்சியே பார்த்துக்கொண்டது. நவம்பரில் தாமிரபரணியில் சாக்கடை கலப்பதை நேரில் பார்க்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே வந்தார்கள். வரி கட்டுகிறவனுக்கு உறைக்க வேண்டிய இடம் அதுதான்.

எனவே நம் வார்டில் என்ன வேலைக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

கரை வேட்டி கட்டி வருவதற்குச் சங்கத்தில் தடையில்லை. மேடையில் கட்சிக்கொடி மட்டும் கூடாது. தேர்தல் வரப்போவதால் இதை இரண்டு முறை சொல்லச் சொன்னார் தலைவர். சொல்லிவிட்டேன்.

தெருவிளக்கு, கொசு மருந்து விவகாரங்கள் வழக்கம்போல.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டீ அதற்குப் பிறகுதான்.