ஓர்க்னிக்குக் குழுவாகப் போகும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் கோடைச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் சங்கத்தாருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஓர்க்னித் தீவுகளுக்கு நீங்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: காலைப் படகு, மேஸ்ஹோ என்ற கற்காலக் கல்லறைக்கு அரை மணி, பிராட்கர் கல்வட்டம், ஸ்காரா பிரே என்ற கற்கால ஊர், மாலைப் படகு. இதில் முதலில் அடிவாங்குவது மேஸ்ஹோதான். தயவுசெய்து திட்டத்தை மாற்றுங்கள்.

மேஸ்ஹோவில் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஸ்டென்னஸ் ஊரிலுள்ள பார்வையாளர் மையத்திலிருந்து சிறு பேருந்தில் கூட்டிப்போவார்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நடு அறையோ ஏறக்குறைய நாலரை மீட்டர் சதுரம். ஐம்பது பேர் கோச்சில் வந்து இறங்கினால் எல்லாரும் ஒரே தடவையில் போவது நடக்காத காரியம். இரண்டு மூன்று அணியாகப் பிரித்து, அடுத்தடுத்த நேரங்களுக்கு டிக்கெட் போடுங்கள். காத்திருப்பவர்களை ஸ்டென்னஸ் குத்துக்கற்களுக்கு அனுப்பிவிடலாம். அங்கே கட்டணம் கிடையாது.

முதல் நாளுக்கு டிக்கெட் போடவே போடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்திலிருந்து ஓர்க்னியின் ஸ்ட்ரோம்னஸுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம். நடுவில் இருக்கும் பென்ட்லண்ட் நீரிணை காற்றும் நீரோட்டமும் மல்லுக்கு நிற்கும் இடம். படகு தாமதமானால் டிக்கெட் போனதுதான். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முழங்கால். மேஸ்ஹோவின் உள்ளே போகும் வாசல் நடை சுமார் பத்து மீட்டர் நீளம். தொடக்கத்தில் உயரம் ஒரு மீட்டர்கூட வராது. இடுப்பை மடக்கிக் குனிந்தே போக வேண்டும். புடவைக் கொசுவம் காலில் சிக்கும். சல்வாரோ பேண்ட்டோ நல்லது. முதுகுப் பையை வண்டியிலேயே விடச் சொல்லுங்கள். குனியும்போது அது மேற்கல்லில் உரசும். மூட்டு வலி உள்ள பெரியவர்களிடம் இதை வாசலில் வைத்துச் சொல்லாமல், பெயர் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

நடையில் குனிந்து போகும்போது பக்கச் சுவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைப் பலகைக் கல். சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் இரும்பு இல்லாத கைகள் நிறுத்தியது. உள்ளே நிமிர்ந்தால் நான்கு மூலையிலும் உயர்ந்த கற்கள், மூன்று சுவர்களில் ஒவ்வொரு மாடம். மேலே வெள்ளையடித்த கூரை மட்டும் பிற்காலத்தது; 1861இல் ஜேம்ஸ் ஃபேரர் என்பவர் மேலிருந்து உடைத்து இறங்கியதில் பழைய உச்சி போயிற்று.

அதற்கும் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே நார்ஸ்காரர்கள் (வைகிங் வழிவந்தவர்கள்) உள்ளே புகுந்து, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தங்கள் பழைய ரூன் எழுத்தில் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். ‘தோல்ஃபிர் கோல்பெய்ன்ஸன் இந்த எழுத்துகளை உயரத்தில் செதுக்கினான்’ என்கிறது ஒன்று. செதுக்கியிருப்பதும் உயரத்தில்தான். கோட்டைச் சுவரில் பெயர் கீறும் நம்மூர்ப் பிள்ளைகள் தோற்றார்கள் போங்கள்!

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. டிசம்பர் 21ஐ ஒட்டி முன்னும் பின்னும் சுமார் மூன்று வாரம், மறையும் சூரியனின் ஒளி மேஸ்ஹோவின் நடை வழியே வந்து பின்சுவரில் விழும். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. ஓர்க்னியில் மேகத்துக்குப் பஞ்சமும் கிடையாது. அங்கே அப்போது மாலை மூன்றேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், மற்ற இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பிராட்கர் கல்வட்டம் 104 மீட்டர் குறுக்களவு. 36 கற்கள் மிஞ்சியிருக்கின்றன. மழைக்காலத்தில் மண் சேறாகிப் புல் அழிவதால் உள்வட்டப் பாதையை மூடிவைப்பதுண்டு. கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். பக்கத்திலுள்ள நெஸ் ஆஃப் பிராட்கர் அகழாய்வைத் திட்டத்தில் இன்னும் வைத்திருப்பவர்கள் எடுத்துவிடலாம். 2024இல் பணி முடிந்து மண்ணிட்டு மூடிவிட்டார்கள்.

ஸ்காரா பிரே 1850இல் ஒரு புயல் மணலைக் கிளப்பியதால் வெளிப்பட்ட ஊர். வீடுகளுக்குள் இறங்க முடியாது. மேலே நடந்தபடி கல் கட்டிலையும் கல் அலமாரியையும் பார்க்கலாம். குழந்தைகள் ‘உள்ளே போகணும்’ என்று அடம்பிடித்தால், அங்குள்ள பார்வையாளர் மையத்தின் அருகே கட்டியிருக்கும் மாதிரி வீட்டுக்குள் விட்டுவிடுங்கள்.

மேஸ்ஹோ டிக்கெட் கிடைக்காவிட்டால் ஃபின்ஸ்டவுன் அருகிலுள்ள குவீன் ஹில் கல்லறை இருக்கிறது. இலவசம், ஆனால் தவழ்ந்துதான் நுழைய வேண்டும், டார்ச் கட்டாயம். 24 நாய் மண்டையோடுகள் கிடைத்த இடம் அது. கோச்சை நிறுத்த வசதி குறைவு, அதனால் சிறு வண்டியில் போகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறோம்.

கடைசியாக, பர்சே தீவுத்திட்டைச் சேர்க்கிறவர்கள் கடல்வற்று நேரத்தைப் பார்த்துச் சேருங்கள். வற்றுக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி, அவ்வளவுதான் நடந்துபோகப் பாதை; மற்ற நேரம் கடல் மூடிவிடும். ஓட்டுநரிடமும் அந்த நேரத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓர்க்னி வழி அறிந்த சிலர்