அந்த அறையில் பெண்களும் இருந்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா பற்றி வந்த கட்டுரையை இதழ் கைக்கு வந்த அன்றே படித்துவிட்டேன். தமிழில் மங்காவுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று முதலில் சந்தோஷம்தான். மூன்றாம் பக்கத்தில் ‘கென்ஷிகென்’ என்ற மங்காத் தொடரின் பெயரைப் பார்த்ததும் போட்டு வைத்த காப்பியை மறந்தே போனேன். அப்புறம் அந்த வரி வந்தது. “கல்லூரி அனிமே ரசிகர் மன்றம் ஒன்றைப் பற்றிய இத்தொடர் முழுக்க முழுக்கப் பையன்களின் உலகம்; பெண்கள் அழகுக்காக வந்துபோகிறார்கள்.”

போகட்டும் என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஷிமோகு கியோ இந்தத் தொடரை 2002-இல் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘நவீனக் காட்சிப் பண்பாட்டு ஆய்வு மன்றம்’ என்ற நீளமான பெயரின் சுருக்கம்தான் கென்ஷிகென். பெயர்தான் பெரிது. உள்ளே போனால் ஒரு சின்ன அறை, நடுவில் ஒரு மேசை, சுற்றிலும் பழைய மங்கா இதழ்கள், பொம்மைகள், வீடியோ கேம். ஆராய்ச்சி என்று பெரிதாக எதுவும் நடப்பதில்லை. முதல் அத்தியாயங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பையன்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே காசுகாபே சாகி வந்துவிடுகிறாள். அவளுக்கு மங்காவும் பிடிக்காது, அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் படங்களும் பிடிக்காது. காதலன் கோசாகா அங்கேயே பழியாய்க் கிடக்கிறான் என்ற கோபத்தில், இந்த மன்றத்தை இழுத்து மூடினால் தேவலை என்று நினைத்து வருகிறவள். அந்த அறையை வெளியாள் ஒருத்தியின் கண்ணால் நமக்குக் காட்டுவதே அவள்தான்.

ஒரு அத்தியாயம் சொல்கிறேன். அறையில் சாகியும் மதராமேயும் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். மன்றத்திலேயே வாய் ஓயாமல் பேசுகிறவன் மதராமே. அவனுக்கு அவளிடம் பேச ஒரு விஷயம் கிடைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் மௌனம். அப்போது அவள் மூக்கிலிருந்து ஒரு முடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அவன் கண்ணில் படுகிறது. சொல்வதா, வேண்டாமா என்று அவன் தவிக்கிற தவிப்புத்தான் அந்த அத்தியாயம். ஆசிரியர் அவர்களே, அழகுக்காக வந்துபோகிற பெண்ணுக்கு யாராவது மூக்குமுடி வரைவார்களா? உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கங்களைப் படித்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

ஓனோவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவள், காஸ்ப்ளே, அதாவது கதைப் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டுவது என்றால் உயிர். உங்கள் கட்டுரையில் அவள் படத்தைப் போட்டு, கீழே ‘கவர்ச்சி’ என்று ஒரு சொல்லும் போட்டிருக்கிறீர்கள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் வழுக்கைத் தலை நடுவயது ஆண் பாத்திரங்கள். அதை அவள் மறைப்பதும் இல்லை. மன்றத்துப் பையன் தனாகா அவளுக்காக உடைகள் தைத்துக் கொடுக்கிறான். அப்படித் தைத்துக் கொடுத்தே இருவரும் நெருக்கமாகிறார்கள். தனக்கு என்ன பிடிக்கும் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு பெண் அவள்.

இனி ஓகியுவேயைப் பற்றி. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான். மன்றத்துக்கு வந்த முதல் நாளே, ஒதாகுகளை, அதாவது மங்கா, அனிமே என்று பித்துப்பிடித்துத் திரிகிறவர்களைப் பிடிக்காது என்று சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. அவளுக்கு அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பது பல தொகுதிகள் தாண்டித்தான் தெரியவருகிறது. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு நெருக்கமான ஒரு பையன் இருந்தான். அவனையே பாத்திரமாக வைத்து, இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல் கதை ஒன்றை வரைந்தாள். அது கூட இருந்த பெண்கள் வழியாக அவன் கைக்கே போய்விட்டது. அவன் பள்ளியை விட்டே போனான். அவள் மொட்டைமாடியிலிருந்து குதித்தாள். அதன்பிறகும் வரைவதை அவளால் விட முடியவில்லை. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

இதை நான் ஏதோ கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நானும் வரைந்தேன். டிவியில் பார்த்த இரண்டு வீரர்கள், அவர்களுக்குள் ஒரு நட்பு. நட்பு என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த நோட்டு கை மாறி வகுப்பு முழுக்கச் சுற்றியது. மறுநாள் அம்மாவை வரச்சொன்னார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, வெந்நீர் அடுப்பில் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று குளிக்கத் தண்ணீர் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் பென்சிலைத் தொடவில்லை.

கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் லேப்டாப்பில்தான் கென்ஷிகென்னை முதலில் படித்தேன். தான் வரைந்த அத்தனையையும் ஓகியுவே மன்றத்துப் பையன் சசஹாராவிடம் காட்டுகிற இடம் வரும். சசஹாராவையும் மதராமேயையுமே ஜோடியாக்கி அவள் வரைந்தவை அவை. இதைப் பார்த்தால் அவனும் போய்விடுவான் என்று நினைத்துத்தான் காட்டுகிறாள். அவன் உட்கார்ந்து கடைசித் தாள் வரைக்கும் பார்க்கிறான். எழுந்து ஓடவில்லை. நான் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். என்ன ஆச்சு என்று தோழி கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இவளும் அழகுக்காக வந்துபோகிறவளா?

தொடர் ‘ஒன்பது தொகுதிகளோடு முடிந்துபோனது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2006-இல் முடிந்தது முதல் பகுதி. 2010-இல் ‘இரண்டாம் தலைமுறை’ என்று மறுபடி தொடங்கி 2016 வரை வந்தது. மொத்தம் 21 தொகுதிகள். அந்தப் பன்னிரண்டு தொகுதிகளில் என்ன நடக்கிறது தெரியுமா? சசஹாராவுக்குப் பின் ஓனோ, ஓனோவுக்குப் பின் ஓகியுவே என்று மன்றத் தலைமை ஏற்கெனவே பெண்கள் கைக்கு வந்தாயிற்று. புதிதாக யாஜிமா, யோஷிதாகே சேருகிறார்கள். பெண்ணுடை அணிந்து ஹாதோ வருகிறான். அந்த அறையில் இப்போது ஆண்கள்தான் ஓரமாக உட்காருகிறார்கள். இருபத்தொன்றில் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்பு எழுத முடிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

கதையை விடுங்கள். இதில் வரும் ‘காமிஃபெஸ்’ சந்தை, ரசிகர்கள் தாங்களே போட்ட புத்தகங்களை விற்க டோக்கியோவில் நிஜமாகவே கூடும் காமிக் மார்க்கெட்டைப் பார்த்து வரைந்தது. அந்தச் சந்தை முதன்முதலில் கூடியது 1975 டிசம்பரில். 32 குழுக்கள், ஏறக்குறைய 700 பேர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்பிள்ளைகளுக்கென்றே வருகிற ஷோஜோ மங்கா படிக்கிற பள்ளி மாணவிகள். இன்று லட்சக்கணக்கில் ஆட்கள் கூடுகிற அந்த இடத்தை முதலில் நிரப்பியவர்களே பெண்பிள்ளைகள். ஒதாகு என்றாலே ஆண் என்கிற பிம்பம் கெட்டிப்பட்டதெல்லாம் பிற்பாடுதான். 1989-இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் கைதாகி, அவன் அறையில் வீடியோ கேசட்டுகள் குவிந்து கிடந்த படங்கள் செய்தியில் வந்த பிறகு, அந்தச் சொல்லே ஒரு அவமானச் சொல் ஆகிவிட்டது. அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு வருகிற பிள்ளைகள், வெட்கப்படாமல் உட்கார ஓர் அறையைத் தேடுகிறார்கள். இந்தத் தொடர் அதைப் பற்றித்தான். உங்கள் கட்டுரை இதை ‘வேலைவெட்டி இல்லாத அரட்டை’ என்று தள்ளிவிட்டது. சசஹாரா வேலை தேடி ஏறி இறங்கிய இடமெல்லாம் கைவிரித்த கதையும், மன்றத்துக்காக ஒரு டோஜின்ஷி, அதாவது ரசிகர்களே வரைந்து அச்சிடும் புத்தகம், போட வேண்டும் என்று கிளம்பி, பக்கங்களை வரைந்து தராத குகாயாமாவோடு சண்டையே வந்த கதையும் அரட்டையா? பிறகு சசஹாரா மங்கா எடிட்டர் ஆகிறான் என்றால் அதற்கான பாடத்தை அங்கேதான் படித்தான்.

கட்டுரையோடு போட்ட இரண்டு கட்டங்களையும் இடவலம் மாற்றி அச்சிட்டிருக்கிறீர்கள். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் பதில் முதலில் வருகிறது, கேள்வி பிறகு வருகிறது. வடிவமைப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் காமிக்ஸ் சிறப்பிதழைப் பாராட்டி எழுதியிருந்தேன். அதில் பேட்டி கொடுத்த வாசகர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அடுத்த முறை பெண்களையும் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். நீங்கள் கடிதத்தைப் பிரசுரித்தீர்கள். அந்த வரி இல்லை. கீழே என் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டிருந்தீர்கள். காமிக்ஸ் பற்றி எழுதினால் ஆண் என்றே எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை. போன மாதம் புத்தகக் கடையில் கென்ஷிகென் மூன்றாம் தொகுதியைக் கையில் எடுத்தபோது, “தம்பிக்கா மேடம்?” என்று கேட்டார்கள். எனக்குத் தம்பியே கிடையாது. எனக்குத்தான் என்றேன். பில் போடுகிறவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரருக்குத் தெரியாது, சரி. இருபது வருஷமாக என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிற இதழுக்குமா தெரியாது?

கட்டுரையாளர்மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. நல்ல நடை. மற்ற தொடர்களைப் பற்றி அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்த ஒரு வரி இவ்வளவு வலிக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஒரு சிறிய திருத்தம் போடுங்கள். தொகுதிகள் 21 என்று இருக்க வேண்டும். அந்த இரண்டு கட்டங்களையும் சரியான திசையில் ஒரு முறை அச்சிடுங்கள். முடிந்தால் ஓகியுவே வருகிற ஒரு கட்டத்தையும் சேருங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட இடம் இல்லை என்றால் பரவாயில்லை. வெளியிட்டால், தயவுசெய்து இந்த முறை ‘திரு’ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்