செயலாளர் ஆண்டறிக்கை: மொழி வகுப்புகள் தொடங்கிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. நூலகத்துக்கு அலமாரி வந்தது, அதன் சாவி இரண்டு முறை தொலைந்து கிடைத்தது. மற்றபடி இந்த ஆண்டை முழுவதுமாக எடுத்துக்கொண்டது ஒரே வேலை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த மொழிக்கல்வி நிறுவனத்தின் வழியாக நம் தமிழ் வகுப்புகளைத் தொடங்கியதைத்தான் சொல்கிறேன். இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

‘இத்தனை காலம் நாமே நடத்தினோமே, இப்போது எதற்கு இன்னொருவர் கையில் கொடுப்பது?’ என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் கொடுத்த சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அது உதவாது. இணைப்பு நிறுவனத்தில் படித்தால் சான்று பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

ஆனால் அதற்கு உள்ள வழி நீளமானது. நிறுவன இயக்குநர் சரி என்றதும் தொடக்க விழாவுக்கு நாள் குறித்துவிட்டேன். அவர் சரி என்றால் மட்டும் போதாதாம். பாடத்திட்டக் குழு பார்க்க வேண்டும், பிறகு கல்விக்குழு ஒப்புதல் தர வேண்டும், அது நினைத்தபோது கூடாது. அச்சடித்த அழைப்பிதழ்கள் இன்னும் என் வீட்டில் கட்டாகக் கிடக்கின்றன. அவசரம் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது.

நிறுவனம் தன் படிப்புகளை, மொழித்திறனை நிலை நிலையாக அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின்படி வகுக்கிறது. 2001இல் வெளிவந்த அந்தச் சட்டகத்தில் தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு நிலைகள். படிப்பின் அளவைக் கணக்கிடும் ஐரோப்பிய மதிப்பலகு (கிரெடிட்) முறையில் ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் படிக்கும் நேரமும் அதில் சேர்ந்ததே. ‘வாரம் ஒரு மணி நேரம் வந்தால் போதும்’ என்று பெற்றோரிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவர்கள் நாம்.

உண்மையான சோதனை, யார் எந்த நிலையில் சேர்வது என்று பார்க்கும் நிலைத்தேர்வில் வந்தது. வீட்டில் நாள் முழுதும் தமிழில் சண்டை போடும் பிள்ளைகள், தமிழே அறியாத பெரியவர்களோடு சேர்த்து ஏ1இல் உட்கார வைக்கப்பட்டார்கள். பெற்றோருக்குக் கோபம். ‘என் மகளுக்கா தமிழ் தெரியாது?’ என்று ஓர் அம்மா தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் தவறில்லை. தேர்வுத்தாள் முழுதும் எழுத்துத் தமிழ். ‘அவங்க வர்றாங்க’ என்று பிசகில்லாமல் சொல்லும் குழந்தை, ‘அவர்கள் வருகிறார்கள்’ என்ற வரியைத் தாளில் முதல்முறையாகப் பார்த்து விழிக்கிறது. 247 எழுத்துகளையும் ஒப்பிக்கத் தெரிந்திருந்தும் அந்த இடைவெளி மூடவில்லை.

நிறுவனத்தாரிடம் இதை விளக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே மொழிக்கு ஏன் இரண்டு பாடம் என்பதே அவர்கள் கேள்வி. கடைசியில் கை கொடுத்தவர் அங்கே அரபு கற்பிக்கும் ஆசிரியர். அவர் மொழியிலும் இதே இரட்டை வழக்கு. 1959இல் மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் இந்த நிலையை விளக்கி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. அந்த அரபு ஆசிரியர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகே பேச்சு நகர்ந்தது. இப்போது கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனியே நிலை குறிக்கிறார்கள். பேச்சில் பி1, எழுத்தில் ஏ1 என்று ஒரே பிள்ளைக்கு வரலாம். சட்டகமே அதற்கு இடம் தருகிறது. முதலிலேயே அதைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

எந்தப் பேச்சுத் தமிழ் என்ற சச்சரவு நமக்குள்ளேயே எழுந்தது. ‘வருவாங்க’ என்பவர்களும் ‘வருவினம்’ என்பவர்களும் ஒரே செயற்குழுவில் இருக்கிறோம். ஆசிரியர் தம் வழக்கைப் பேசலாம், மாணவர் பேச்சைத் திருத்தக் கூடாது என்று முடிவானது. எனக்கு அது முழு நிறைவில்லை, ஆனால் கூட்டம் இரவு நெடுநேரம் நீண்டுவிட்டது.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவனம் பயிற்சிச் சான்று கேட்டதால், நெடுங்காலம் தொண்டாகக் கற்பித்த சிலர் முதன்மை ஆசிரியராக முடியவில்லை. வருத்தமான முடிவுதான். அவர்களில் பெரும்பாலோர் துணை ஆசிரியராகத் தொடர்கிறார்கள். மூத்தவர் ஒருவர் பலகையில் ‘னை’யைத் தும்பிக்கை போட்டு எழுத, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய அச்சில் படித்த பிள்ளைகள் அதைப் படம் என்று நினைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், அடுத்த வாரம் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். நான் அறிந்த வரை இந்த ஆண்டின் சிறந்த வகுப்பு அதுதான்.

பெரியவர்கள் வகுப்பு எதிர்பாராத வரவு. தமிழ்க் குடும்பத்தில் மணம் செய்தவர்கள், மாமியாரோடு பேச வேண்டும் என்று வந்தவர்கள். ‘காகம்’ என்ற சொல்லில் இரண்டு க-வுக்கும் ஏன் ஒலி வேறு என்று அவர்கள் கேட்கும்போதுதான் நாமே இலக்கணத்தைத் திறந்து பார்க்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

பேச்சுத் தேர்வையும் சான்றிதழில் சேர்க்கக் கோரும் கடிதம் கல்விக்குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும். வரைவு உங்கள் கையில் உள்ளது. திருத்தங்களை இன்றே சொல்லி, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். விழாவுக்கு நாள் இன்னும் குறிக்கவில்லை.

செயலாளர்