தேதியைப் பார், பாப்பா

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. அறிக்கை வந்து சேர்ந்தது. உள் அட்டையில் உன் பெயர் இருந்த இடத்தை அம்மா தடவிப் பார்த்தாள். நானும்தான். இத்தனை பக்கம் அனுப்பத் தெரிந்தவளுக்குக் கூடவே இரண்டு வரி எழுதி வைக்கத் தோன்றவில்லை. போகட்டும். மாடி அறை அப்படியேதான் கிடக்கிறது. சித்தி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் வேலைக்குப் பணம் தருவது ஒரு வெளியுறவு அமைச்சகம். முன்னுரை அமைச்சருடையது. ஆப்கன் பெண்களைப் பற்றி அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனாலும் நீ தேதியைப் பார், பாப்பா. ஓர் அரசுக்கு எந்த வாரத்தில் இந்தக் கவலை வருகிறது, எந்த வாரத்தில் போகிறது என்று பார்.

தாலிபான் காபூலைப் பிடித்தது 1996இல். அமெரிக்கக் குண்டுகள் விழத் தொடங்கியது 2001 அக்டோபர் 7. பயங்கரவாதத்தோடு நடக்கும் போர் பெண்களின் உரிமைக்கும் கண்ணியத்துக்குமான போர் என்று அந்நாட்டு அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசியது நவம்பர் 17. அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்த அமெரிக்க அரசு, கருக்கலைப்புக்கு ஆதரவாகப் பேசும் வெளிநாட்டு அமைப்புகளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு நிதி கிடையாது என்ற 1984ஆம் ஆண்டு விதியை மீண்டும் கொண்டுவந்திருந்தது. 2010 மார்ச்சில் கசிந்த, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் குறிப்பை நீயே படித்திருப்பாய். நெதர்லாந்து அரசு ஆப்கன் படை விவகாரத்தில் கவிழ்ந்திருந்த நேரம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் போருக்கு ஆதரவு சரியாமல் காக்க, ஆப்கன் பெண்களையே பேசவைக்கலாம் என்றது அந்தக் குறிப்பு. பத்தாண்டு கழித்து, 2020 பிப்ரவரி 29இல், தாலிபானோடு அமெரிக்கா தோஹாவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பெண்களின் உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. படை உள்ளே போகும்போது வேண்டியிருந்த பெண்கள், வெளியே வரும்போது வேண்டியிருக்கவில்லை.

ஈரானையும் பார். தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று காவல்துறை பிடித்துச்சென்ற மஹ்சா அமினி என்ற இளம்பெண் இறந்தது 2022 செப்டம்பர் 16. அந்த டிசம்பரில் ஐநாவின் பெண்கள் நிலை ஆணையத்திலிருந்து ஈரானை 29 வாக்குகளால் நீக்கினார்கள், எதிர்ப்பு 8. நீக்கியது நியாயம்தான். ஆனால் 2024 மார்ச்சில் அதே ஆணையத்தின் தலைமைக்கு சவூதி அரேபியா போட்டியே இல்லாமல் வந்தது. கார் ஓட்டும் உரிமை கேட்ட பெண்களை, அந்தத் தடை நீங்குவதற்கு முந்தைய மாதம், 2018 மே மாதத்தில், சிறையில் தள்ளிய நாடு அது. எண்ணெயும் ஆயுத விற்பனையும் குறுக்கே நிற்கும் இடத்தில் குரல் எழாது.

இதையெல்லாம் காட்டி "எல்லாம் அந்நியச் சதி" என்று உள்ளூர் ஆட்சியாளர் சொல்லும்போது அதையும் நம்பிவிடாதே. கவலைப்படுகிறவனின் நோக்கம் கெட்டது என்பதால் அந்தப் பெண்ணின் காயம் பொய்யாகிவிடாது. அந்நிய அரசு கையில் எடுத்த மறுநாளே அங்கே போராடுகிறவளுக்குக் கைக்கூலி என்ற பட்டம் விழும். அடி அவளுக்கு. அதனால்தான் உன் கையில் இருப்பது எது, எங்கே கெடும் என்று எழுதுகிறேன்.

முழு அறிக்கையை யாரும் படிப்பதில்லை. இரண்டு பக்கச் சுருக்கம்தான் சபைக்குப் போகும், அதை வெட்டுகிறவர் வேறொருவர். கொடுமை முதல் பக்கத்தில் நிற்கும்; புகலிட விசா கொடு, பெண் ஆசிரியர்களுக்குச் சம்பளம் போக வழி விடு என்ற கோரிக்கை கடைசிப் பக்கத்தோடு போய்விடும். ஆகவே கொடுமையையும் கோரிக்கையையும் ஒரே வாக்கியத்தில் கட்டு, பிரிக்க முடியாதபடி. சுருக்கத்தின் கடைசிப் படியை உன் கண்ணில் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்தில் வாங்கு. வாக்குமூலம் தந்தவளிடம் சம்மதம் ஒருமுறை வாங்கினால் போதாது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாக வாங்கு. அந்தப் பணம் தரும் அரசு இந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு விசா தந்தது என்று கேட்டு, எண்ணை அறிக்கையில் போடு. போட விடவில்லை என்றால் அதுவே உனக்குப் பதில். எல்லாவற்றுக்கும் முன்னால் தேதியைப் பார்.

பிரிட்டனின் பிரதிநிதியாக எகிப்தை 1883 முதல் 1907 வரை ஆண்ட குரோமர் பிரபு, அந்த நாட்டுப் பெண்களின் முகத்திரைக்காக வருந்தி எழுதியவர். லண்டன் திரும்பியதும் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற சங்கத்துக்கே தலைவரானார். இவரைப் பற்றி எத்தனையோ முறை உனக்குச் சொல்லியிருக்கிறேன். போன முறை சொன்னபோது நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகுதான் போன் வருவது நின்றது.

தேதியைப் பார் என்று கற்றுக்கொடுத்தவன் நான். நீ என் தேதிகளைப் பார்த்துவிட்டாய் போலிருக்கிறது. பச்சைக் கோப்பில் இருக்கும் என் கட்டுரை, வேறு நாட்டுப் பெண்களின் வேலை உரிமை பற்றியது, எந்த மாதம் வந்தது என்று நேற்று எடுத்துப் பார்த்தேன். அம்மா வேலையை விட்ட அதே மாதம். விட்டாள் என்று எழுதுகிறேன், விடவைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. சுருக்கத்தின் கடைசிப் படியைக் கேட்டு வாங்கு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அம்மா மட்டும்தான் இருப்பாள். கூப்பிடு.

அப்பா